நான் எழுந்திருக்காத மத்தியானம்

தெப்ராவ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா செல்லம் எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரூபேந்திரனும் குட்டிப்பயல் கவினும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் போனேன், பேனா நகரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். அப்பாவுக்குத் தலையில் தையல் பிரித்துவிட்டார்கள், இடது கண் இன்னும் மங்கல்தான், வேன் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை இப்போது வேறு ஆள் ஏற்றிப் போகிறார். எனக்கு விலா எலும்பு கூடிக்கொண்டு வருகிறது, தும்மினால்தான் உயிர் போய் வருகிறது. வாட்சப்பில் பேசாமல் அம்மா தாள் எடுத்து எழுதுகிறாளே என்று நீ நினைப்பாய். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்குக் குரல் இறங்கிவிடுகிறது, நீ அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்கிறாய், சொல்ல வந்தது அதற்குள் மறந்து போகிறது. எழுதினால் நடுவில் பேனாவை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம், தாள் கோபித்துக்கொள்ளாது. இது ஒரே மூச்சில் எழுதியதல்ல, எழுத்து கோணலாகப் போகிற இடமெல்லாம் நான் களைத்துப்போன இடம் என்று வைத்துக்கொள்.

போன தடவை பேசும்போது நீ ஒன்று கேட்டாய். ஏம்மா, அவனுங்க அப்பாவ அடிக்கிறப்ப நீ படுத்துக்கிட்டே பாத்தியாமே, அத்தை சொன்னாங்க, உண்மையா என்று. நான் போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்து நீயும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கோபம் இல்லையம்மா. உன் கேள்விக்கு ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய், அதனால்தான் வைத்தேன். முழுசாகச் சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் மற்றது உனக்குப் புரியாது. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கம்பெனியில் உற்பத்தி லைனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, உனக்குத் தலை பின்னி, மாவாட்டி, துணி துவைத்துப் போட்டுவிட்டுத்தான் உட்காருவேன். அதுவும் அசதிதான், ஆனால் படுத்தால் தூக்கம் வரும், விடிந்தால் போய்விடும். மார்பில் கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, கரண்ட் வைத்து எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆன பிறகும் என்னிடம் இருக்கிற இந்த அசதி அந்த ஜாதியே இல்லை. இது ஆள் வைத்து அடிக்கிற அடி. காலையில் கண்ணைத் திறக்கும்போதே யாரோ கட்டையால் என்னைக் கை வேறு கால் வேறாக அடித்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன், குளித்து முடித்துத் துவட்டத் தெம்பில்லாமல் ஈரத்தோடு கட்டிலில் போய் விழுகிறேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க மறந்து போகிறேன். எவ்வளவு தூங்கினாலும் போகாது. கிளினிக்கில் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன், மறுபடியும் வந்துவிட்டதா என்று. இரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, இல்லை, புற்றுநோய் திரும்பவில்லை, ஆனால் இந்தக் களைப்பு சிலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் கூட நிற்கும், இது சோம்பலும் இல்லை கற்பனையும் இல்லை என்றார். தினமும் கொஞ்சமாவது நடங்கள், மற்றபடி இருக்கிற தெம்பை எதற்குச் செலவு பண்ணுவது என்று நீங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். இதை வீட்டில் வந்து சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் ஏறியது.

உன் பிரேமலா அத்தை தீபாவளிக்குக் குளுவாங்கிலிருந்து வந்தவள், பத்து மணி ஆகியும் நான் எழவில்லை என்று போர்வையை உருவிப் போட்டாள். மருந்து முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு அண்ணி, இப்படியே கெடந்தா ஒடம்பு எப்படித் தேறும், கொஞ்சம் நடிப்பும் சேந்துக்கிச்சு லா என்று சிரித்தாள். பிரவீனா, அன்றைக்கு அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. கை கட்டிலை விட்டு எழும்பவில்லை. அடிக்கக்கூட ஒரு பலம் வேண்டியிருக்கிறது. உன் அப்பா அவள் அளவுக்குப் பேசமாட்டார், ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். நீயும்தான், எக்சசைஸ் பண்ணு எக்சசைஸ் பண்ணு என்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நல்லதற்குத்தான் சொன்னாய்.

இனி அந்த நாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அப்பா பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கையும் மூட்டையில், கிரில் கதவைப் பூட்டவில்லை. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்து அவரை மூட்டையோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். நான் அறையில் படுத்திருந்தேன், அரிசி தரையில் கொட்டுகிற சத்தம்தான் முதலில் கேட்டது, பிறகு அப்பா கத்தினார். ஒருத்தன் பாராங் கத்தியோடு என் அறைக்குள் வந்தான். நம் ஆள்தான், தமிழில்தான் பேசினான். எந்திரிடி, பீரோவத் தொற, நகைய எடு என்றான். பீரோ மேல் தட்டில் சேலைக்கு அடியில் இருக்கிறது, சாவி கதவிலேயே தொங்குகிறது, எடுத்துக்கொண்டு போய்விடு, அவரை ஒன்றும் செய்யாதே என்றேன். சாவி எங்கே இருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை, நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்தான். நடிக்காத, எந்திரி என்று கத்தியின் தட்டைப் பக்கத்தைக் கழுத்தில் வைத்தான். சில்லென்று இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் உடம்பு தானாகத் துள்ளி எழுந்துவிடும் என்று அதுவரை நானே நம்பியிருந்தேன். என் மனசுக்குள்ளேயும் ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்தது, எல்லாரும் சொல்கிற மாதிரி நான்தான் முயற்சி பண்ணவில்லையோ என்று. அந்தக் கத்திக்குக் கீழே அந்தச் சந்தேகம் தீர்ந்தது. எழு எழு என்று உள்ளுக்குள் நான் கதறுகிறேன், இந்த உடம்பு ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்கிறது. முடியல, எனக்கு கேன்சர் என்றேன். அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தான், பிடிக்கிற அளவுக்கு முடி ஏது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைப் பிடித்து ஒரே இழுப்பாகத் தரையில் போட்டான். தோளுக்குள் என்னமோ கிழிந்த மாதிரி இருந்தது. இடுப்பில் ஓர் உதை விட்டுவிட்டு பீரோவைக் கத்தியாலேயே கொத்தி உடைத்தான்.

தரையில் கிடந்த இடத்திலிருந்து கதவு வழியாக ஹால் தெரிந்தது. உன் அப்பா சும்மா கொடுக்கிற ஆளா. தள்ளியவன் கையைக் கடித்துவிட்டார், அவன் விரலில் இரத்தம் சொட்டியது. அந்த வெறியில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். அப்பா குப்புற விழுந்து கிடக்கிறார், அவன் முழங்காலை அவர் முதுகில் ஊன்றி ஹெல்மெட்டால் பின்மண்டையில் அடிக்கிறான். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அப்பா ம் ம் என்றார், பிறகு அந்த ம்மும் நின்றுவிட்டது. நீ கேட்டாயே, படுத்துக்கொண்டு பார்த்தியா என்று. ஆமாம், அந்த நேரம் வரைக்கும் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன். அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன், புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு வரைக்கும்.

எழுந்து நிற்கப் போனால் இருக்கிற கொஞ்சமும் அதிலேயே தீர்ந்து, நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கத்தினால் அதிலும் போய்விடும். எட்டு மாதமாக நான் படித்தது இந்த ஒரு பாடம்தான். அதனால் நிற்கவும் இல்லை, கத்தவும் இல்லை. நல்ல கையின் முழங்கையை ஊன்றி ஊர்ந்து போனேன். என் அறையிலிருந்து ஹால் எவ்வளவு தூரம், நீ சின்னப் பிள்ளையாக ஒரே தாவலில் தாவுவாய். அன்றைக்கு அது முடியவே இல்லை. கொட்டிக் கிடந்த அரிசி முழங்கையில் குத்தியது, கிட்டே போகப் போக அரிசி சிவப்பாக இருந்தது. அவன் என்னைக் கவனிக்கவில்லை, தரையில் புழு மாதிரி வருகிறவளைக் கண்டு எவன் பயப்படுவான். போய்ச் சேர்ந்ததும் எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தேன், படுத்தேன். உன் அப்பாவின் தலைமேல் என் மார்பை வைத்து, அவரை மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். அடுத்த அடி என் முதுகில் விழுந்தது, அதற்கடுத்தது விலாவில், எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அவன் என்னைப் பிடித்து இழுத்தான், திட்டினான், மிதித்தான். தெம்புள்ள ஆளாக இருந்தால் பிடித்துத் தள்ளலாம், நான் செத்த மாடு மாதிரிக் கனத்துக் கிடந்தேன். மறுபடி மறுபடி அடித்தான். அந்த அடியெல்லாம் உன் அப்பாவுக்கு விழ வேண்டியது, பிரவீனா.

அதற்குள் பக்கத்து வீட்டு லோகேஸ்வரன், பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர், பீரோ உடைக்கிற சத்தத்தில் எழுந்து இரும்புக் குழாயோடு வெளியே வந்து யாருடா அது என்று சத்தம் போட்டார். கத்திக்காரன் நகையோடு ஓடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான். அடித்துக்கொண்டிருந்த இவன் என்னை ஓர் உலுக்கு உலுக்கிச் சுவரோரம் எறிந்துவிட்டு ஓடினான், வாசலிலேயே லோகேஸ்வரன் முழங்காலில் ஒன்று போட்டார். பிறகு தாமான் வீடுகளில் இருந்தவர்கள் முழுக்கக் கூடிவிட்டார்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும். வடிகாலுக்குள் போட்டு அடித்தார்கள், செருப்பால், துடைப்பக் கட்டையால், காலால். அவன் அம்மா அம்மா என்று அலறினான். எனக்கு எல்லாம் கேட்டது. விடுங்கப்பா போதும் என்று யாரோ ஒரு பெண் சொன்னது, நான் இல்லை. நான் அடிக்கட்டும் என்றுதான் கிடந்தேன். இன்னும் இரண்டு போடுங்கள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன். இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. உள்ளே வந்தவர்கள் பார்த்தது, அப்பா இரத்தத்தில், நான் சுவரோரம் கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல். அந்தக் காட்சிதான் வாய் மாறி வாய் மாறிக் குளுவாங்குக்குப் போய், அங்கிருந்து உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்னை மறுநாள் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்பாவை வார்டில் வைத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து விழுந்தவள்தான், பல நாள் எழவில்லை. பிரேமலா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள், சமைத்தாள், தரையில் காய்ந்திருந்த இரத்தத்தையும் அவள்தான் சுரண்டிக் கழுவினாள், அதை மறக்கக் கூடாது. ஆனால் அண்ணன் அங்கே கிடக்க நான் இங்கே தூங்குகிறேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் லோகேஸ்வரன் காரில் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வார்டு வரைக்கும் நடப்பதற்குள் எனக்கு முடியாமல் நடைபாதையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரேமலா வார்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் கத்தினாள். அண்ணன் மண்ட ஒடஞ்சு கெடக்கு, பாக்க வந்த எடத்துலயும் ஒக்காந்துட்டீங்களா, அன்னிக்கும் இப்படித்தானே பாத்துக்கிட்டு கெடந்தீங்க என்றாள். எனக்குப் பேசத் தெம்பில்லை. போட்டிருந்த சட்டையைப் பின்பக்கம் தூக்கிக் காட்டினேன். ஹெல்மெட் வளைவு வளைவாக ஊதாவும் கறுப்புமாக முதுகு முழுக்கப் பதிந்திருந்தது, அது அண்ணனுக்கு விழ இருந்ததும்மா பிரேமலா என்று அவ்வளவுதான் சொன்னேன்.  அவள் சக்கர நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்து என்னை ஏற்றி, வேகமாக, கோபமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தள்ளிப் போனாள். அவள் உன்னிடம் திருத்திச் சொல்லியிருக்கமாட்டாள், சொல்ல வெட்கம். நீ அவளிடம் சண்டைக்குப் போகாதே.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது ஒன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். தலையில் அடிபட்டவர்களுக்கும் அசதி வரும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், சட்டை மடியில் கிடக்கிறது, ஒரு கையை மட்டும் நுழைத்திருக்கிறார், மற்றக் கையை நுழைக்க முடியவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, செல்லம், இதானா, நீ இத்தன நாளா சொன்னது இதானா என்றார். இதுதான் என்றேன். அவர் பக்கத்துச் சுவரில் கையை மடக்கி ஓங்கிக் குத்தினார், முட்டித் தோல் உரிந்து போயிற்று. பிடிக்கப் போகக்கூட எனக்கு முடியவில்லை, குத்தாதீங்க என்று வாயால் சொன்னேன். பாருங்கள், எனக்கு நேர்ந்ததை இப்போதாவது புரிந்துகொண்டீர்களா என்று ஒரு சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. இரண்டு பேரும் இப்போது ஒருத்தர் எழுந்தால் ஒருத்தர் படுக்கிறோம். நான் அடுப்பில் வைத்தால் அவர் இறக்குகிறார். சாயங்காலம் வெயில் தணிந்ததும் கைபிடித்துக்கொண்டு வீட்டு முன்னால் ரோட்டு முனை வரை போய்வருகிறோம், டாக்டரம்மா சொன்ன நடை இதுதான். சமைக்க முடியாத நாள் லோகேஸ்வரன் மனைவி கறியும் சோறும் கொடுத்தனுப்புகிறாள். சண்டையும் போடுகிறோம், களைப்பிலே வருகிற சண்டை, பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது.

அடுத்த மாதம் கோர்ட்டில் கேஸ் வருகிறது. பிடிபட்டவன், நான் வெளியே காவலுக்கு நின்றேன், அடித்ததெல்லாம் ஓடிப்போனவன்தான் என்கிறானாம். அப்பா குப்புறக் கிடந்தார், அவருக்கு முகம் தெரியாது. லோகேஸ்வரன், அவன் வெளியே ஓடிவந்த பிறகுதான் பார்த்தார். அடித்த முகத்தை அருகில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அரசாங்க வக்கீல் ஒரு பெண், நல்லவள், வீட்டுக்கு வந்து பேசினாள். ரொம்ப நேரம் கேள்வி கேட்பார்கள், உங்களால் முடியுமா, உடம்பைச் சொல்லித் தள்ளிப் போடலாமா என்று கேட்டாள். நாற்காலி போட்டால் போதும் என்றேன், போடுகிறேன் என்றாள். அந்த வாரம் முழுக்க நான் அடுப்பங்கரைப் பக்கம் போகமாட்டேன், துணி மடிக்கமாட்டேன், போனில் பேசமாட்டேன், ஒவ்வொரு நாள் தெம்பையும் பிடித்து வைத்து அன்றைக்குக் கொண்டு போவேன். அவன் வக்கீல், நீங்கள் நோயாளி, களைப்பில் சரியாகப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று கேட்பாராம், அந்தப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். கேட்கட்டும். எழத்தான் முடியவில்லை, கண் நன்றாகத் தெரிந்தது என்று சொல்வேன். அவனை மன்னிக்கச் சொல்லி என்னிடம் யாரும் வர வேண்டாம், நீயும் வேண்டாம். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள், அவள் அழட்டும், அது வேறு. கையை நீட்டி இவன்தான் என்று சொல்லாமல் நான் அந்த நாற்காலியை விட்டு இறங்கமாட்டேன்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டாம், கவின் பள்ளிக்கூடம் கெடும், டிக்கெட்டும் நெருப்பு விலை. வருவதானால் எல்லாம் ஓய்ந்த பிறகு வா, வந்து பக்கத்தில் சும்மா படுத்துக்கொள், அதுவே எனக்குப் போதும். இன்னொன்று, உனக்கும் வயது ஏறுகிறது, என் இரத்தம்தான் உனக்கும், மார்பைப் பரிசோதித்துக்கொள் என்று எத்தனை தடவை சொன்னேன், வேலை வேலை என்று தட்டிக் கழிக்காமல் இந்த மாதமே போய்விட்டு வா. மாப்பிள்ளையிடம் சொல்லு, நீ அசதி என்று சொல்கிற நாளில் ஏன் எதற்கு என்று கேட்காமல் தட்டை அவர் கழுவட்டும். கவினுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மூன்று பேரும் நோய்நொடி தீண்டாமல், யாருக்கும் பயப்படாத வீட்டில், நல்ல தூக்கம் தூங்கி நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பா உன் தலையில் கை வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

கேஸ் அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிடுவாய் என்று தெரியும். மணி அடித்து ஓய்ந்தாலும் நான் எடுக்கவில்லை என்றால் பதறி அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போடாதே. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து தூங்குகிறேன் என்று அர்த்தம்.

உன் அம்மா,
செல்லம் சபாபதி